கோர்ட்டில் இளநிலை உதவியாளர் வேலை: எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: "குரூப் 4 தேர்வில் தேறிவிட்டேன், கலந்தாய்வு நெருங்குகிறது. நீதித்துறையில் இளநிலை உதவியாளர் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. பி.எஸ்சி. கணிதம் படித்த எனக்குச் சட்டம் ஒரு வரிகூடத் தெரியாது. உள்ளே என்னதான் வேலை? பளு தாங்குமா? பெண்களுக்குச் சரிப்படுமா?"

நான் முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட், சப்கோர்ட் என்று தமிழ்நாட்டில் ஒரே மாவட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வேலை பார்த்து, சிரஸ்தாராக, அதாவது கோர்ட் அலுவலக ஊழியர்களின் தலைமைப் பொறுப்பில், ஓய்வு பெற்றவள். சட்டம் தெரியாததை ஒரு குறையாக நினைக்காதீர்கள். சேர்ந்த புதிதில் எனக்கு வாதி யார், பிரதிவாதி யார் என்பதே குழப்பம். அதெல்லாம் ஆறு மாதத்தில் வந்துவிடும். தேதி எழுதுவதில் அலட்சியம் உள்ள ஆளா நீங்கள் என்பதை மட்டும் இப்போதே உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு கோர்ட் என்றால் நீதிபதியும் கறுப்புக் கோட்டும்தான். (சினிமாவில் தட்டுகிறார்களே மரச்சுத்தியல், அதை நான் வேலை பார்த்த எந்தக் கோர்ட்டிலும் கண்டதில்லை.) அந்த ஹாலுக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும். மேஜை, அலமாரி, தரை என்று எங்கும் வழக்குக் கட்டுகள். தலைமை எழுத்தர் அல்லது சிரஸ்தார் ஒருவர், உதவியாளர்கள், இளநிலை உதவியாளர்கள், தட்டச்சர், நகல் பிரிவு, சம்மன் கொண்டுபோகும் அமீனாக்கள், அவர்களுக்கு மேலே நாஜர். நீங்கள் இந்த அறைக்குத்தான் வருகிறீர்கள். எந்த இருக்கை என்பது உங்கள் கையில் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அதுவும் நல்லதுக்குத்தான்.

முதலில் தாவா, அதாவது சிவில் வழக்கு, தாக்கலாகும் இருக்கையைச் சொல்கிறேன். வக்கீல் குமாஸ்தா ஒரு பிராதைக் கொண்டுவந்து வைப்பார். அதற்கு உடனே எண் கொடுத்துவிட முடியாது. கோர்ட் கட்டணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பண வழக்கென்றால் 2017 திருத்தத்துக்குப் பிறகு 3 சதவீதம், அதற்கு முன் 7.5 சதவீதம். நான்கு லட்சத்துக்குத் தாவா போட்டால் 12,000 ரூபாய். உங்கள் கணிதப் பட்டம் இந்த அளவுக்குத்தான் உதவும். அப்புறம் காலவரம்பு, வக்காலத்தில் கையெழுத்து, தரப்பினரின் முழு விலாசம், ஆவணப் பட்டியல், சொத்து விவரத்தில் நான்கெல்லை. எது குறைந்தாலும் குறையை எழுதி, நீதிபதியின் கையெழுத்தோடு ரிட்டர்ன் செய்வோம். சரிசெய்து மறுபடி கொண்டுவருவார்கள். எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுதிவிடுங்கள். முதல் தடவை கட்டணம், அடுத்த தடவை கையெழுத்து, அதற்கடுத்த தடவை விலாசம் என்று தவணை முறையில் எழுதும் கிளார்க்கைப் பற்றிக் குமாஸ்தாக்கள் மரத்தடியில் என்ன பேசுவார்கள் என்பது உங்கள் காதுக்கே வந்து சேரும்.

இதே இருக்கையில் புதியவர்கள் கோட்டை விடும் இடம் கேவியட் பதிவேடு. "என்னைக் கேட்காமல் எதிர்த்தரப்புக்கு உத்தரவு போடாதீர்கள்" என்று ஒருவர் முன்கூட்டியே போட்டு வைக்கும் மனு அது. 90 நாள் உயிரோடு இருக்கும். தடையாணை கேட்டு ஒரு மனு வந்தால், எண் கொடுப்பதற்கு முன்பே கேவியட் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், கேவியட் போட்டவர் இல்லாமலே தடையாணை போய்விடும். நீதிபதி மேடையிலிருந்து உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முதல் சந்தர்ப்பம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது பெஞ்ச் கிளார்க் இருக்கை, நீதிபதிக்குக் கீழே ஹாலில் உட்காருவது. புதிதாகச் சேர்ந்தவரை அங்கே உட்கார வைக்க மாட்டார்கள். ஆனால் பெஞ்ச் கிளார்க் லீவு போடும் நாளில் யாராவது உட்காரத்தானே வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது கட்டு இருக்கலாம், நூறும் இருக்கலாம். டவாலி பெயரை மூன்று முறை கூப்பிடுவார். யார் ஆஜர், யார் இல்லை, என்ன உத்தரவு, அடுத்த வாய்தா எப்போது என்று கட்டின் மேலுள்ள தாளிலும் 'ஏ' டைரியிலும் குறிக்க வேண்டும். சாட்சி நடந்தால் சான்றாவணங்களுக்குக் குறியீடு போட வேண்டும்: உரிமையியல் வழக்கில் வாதி தரப்புக்கு ஏ1, ஏ2, பிரதிவாதி தரப்புக்கு பி1, பி2. குற்ற வழக்கில் அரசுத் தரப்புக்கு வேறு எழுத்து, கத்தி, கம்பு மாதிரி பொருள்களுக்கு வேறு வரிசை. நீதிபதி சொல்லிக்கொண்டே போவார், இரண்டாவது முறை கேட்டால் முகம் மாறும். ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

நான் கேட்காமல் பட்டதைச் சொல்கிறேன். ஒன்று என்ற எண்ணை எழுதும்போது மேலே ஒரு கொக்கி போடுவது என் பழக்கம், பள்ளிக்கூடத்திலிருந்தே வந்தது. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வாய்தாவை 11 என்று எழுதினேன். குமாஸ்தா அதை 17 என்று படித்துக் கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டார். 11ஆம் தேதி கூப்பிட்டபோது பிரதிவாதி இல்லை, வக்கீல் வேறு கோர்ட்டில் இருந்தார், எக்ஸ்பார்ட்டி ஆக்கியாகிவிட்டது, அதாவது அவர் வராததால் ஒருதலையாக உத்தரவு. 17ஆம் தேதி காலை பத்து மணிக்கே அந்த மனிதர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதியம்வரை அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் என்னிடம்தான் வந்து, "அம்மா, என் கேஸ் எப்ப வரும்?" என்று கேட்டார். கட்டை எடுத்து அந்தத் தாளைப் பார்த்தேன். என் கண்ணுக்கே அது 17 மாதிரிதான் இருந்தது.

ஒருதலை உத்தரவை நீக்கக் கோரி மனு போடலாம். போட்டார், நீக்கியும் தந்தார்கள். ஆனால் மனுச் செலவு, நடை, இரண்டு மாதத் தாமதம் எல்லாம் அவர் தலையில். நீதிபதி என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "இதை நீங்களே சத்தமாகப் படியுங்கள்" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை தேதியை எண்ணாலும் எழுதினேன், பக்கத்தில் எழுத்தாலும் எழுதினேன். இப்போது வாய்தாவைக் கணினியிலும் ஏற்றுவதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் விரல் தவறி 11க்குப் பதில் 17 என்று தட்டவும் ஒரு நொடி போதும்.

நகல் பிரிவை எல்லாரும் தூங்குமூஞ்சி இருக்கை என்பார்கள். எனக்கென்னவோ கோர்ட்டிலேயே மிகவும் கவனம் கேட்கும் இருக்கை அதுதான். சான்றிட்ட நகல் ஒன்று கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று வரிசையாக இருக்கும். வெறும் சடங்கு மாதிரி தெரியும். மேல்முறையீட்டுக் காலவரம்பைக் கணக்கிடும்போது, நகல் பெறத் தேவைப்பட்ட நாள்களைக் கழித்துவிட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அந்த நாள்கள் எத்தனை என்பதற்கு ஆதாரம் நீங்கள் எழுதிய அந்த வரிசைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 1 தீர்ப்பு. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், அதாவது ஜூலை 1 வரை. ஜூன் 5 நகல் மனு, 8 கட்டணம் கேட்டது, 10 கட்டியது, 20 நகல் தயார், 24 வந்து வாங்கிக்கொண்டது. 5 முதல் 20 வரை 16 நாள் கழியும், ஆக ஜூலை 17 வரை அவகாசம். தயாரான பிறகு வாங்காமல் விட்ட நான்கு நாள் அவர் கணக்கு, அது கழியாது. இப்போது நகல் தயாரான நாளை 20க்குப் பதில் 10 என்று நீங்கள் எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஆறே நாள்தான் கழியும், அவகாசம் ஜூலை 7ஓடு போச்சு. ஜூலை 15 அன்று மேல்முறையீடு போட வந்தவரிடம் எட்டு நாள் தாமதம் என்பார்கள். அவர் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போட்டு, எதிர்த்தரப்பு அதை எதிர்த்து, அதற்கு ஒரு விசாரணை நடந்து... உங்கள் பேனாவில் ஒரு சுழி மாறியதற்கு இவ்வளவும்.

தீர்ப்பில் எழுத்துப் பிழையோ கூட்டல் பிழையோ வந்தால் திருத்திக்கொள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 152ஆம் பிரிவு இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தத்துக்கும் மனு, நோட்டீஸ், வாய்தா எல்லாம் உண்டு. டிக்ரியில் (தீர்ப்பாணையில்) சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று மாறிப்போய், அதை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு மாதக்கணக்கில் நின்ற கதை ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒன்றாவது இருக்கும்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போட்டால் தேதியோடு மணியும் சேர்ந்துகொள்ளும். எஃப்.ஐ.ஆர். வந்ததும் உடனே நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் வைக்க வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்குப் பெற்றார் என்று அவர் எழுதிக் கையெழுத்திடுவார். சில வருஷம் கழித்து விசாரணையில் எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவரின்) வக்கீல் முதலில் பார்ப்பது அந்த மணியைத்தான். "சம்பவம் காலை எட்டு மணி, எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்கு வந்தது மறுநாள் மாலை, இடையில் யோசித்து எழுதினார்கள்" என்பது அவர்களுடைய வழக்கமான வாதம். நீங்கள் சாப்பிடப் போகும் அவசரத்தில் அதைத் தபால் தட்டில் போட்டுவிட்டுப் போனால், போலீஸ் செய்யாத தாமதத்தை நீங்கள் செய்தவராவீர்கள்.

இதைவிடக் கூர்மையானது குற்றப்பத்திரிகை. காவலில் இருப்பவர் மீது 60 நாளுக்குள், பெரிய குற்றமென்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கெடு முடிந்த காலை, வக்கீல் ஜாமீன் மனுவோடும் இன்ஸ்பெக்டர் குற்றப்பத்திரிகையோடும் உங்கள் மேஜைக்கு ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். எது முதலில் வந்ததோ அதற்கு முதலில் முத்திரை, நேரத்தோடு. "அம்மா, கொஞ்சம் முன்னால போட்டுக் குடுங்க" என்று யார் கேட்டாலும் காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். ஒரு மனிதர் சிறைக்குள் இருப்பதா வெளியே வருவதா என்பது அந்த முத்திரையில் இருக்கிறது.

ஜாமீன் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. ஜாமீன்தாரர்களின் ஆவணங்களைச் சரிபார்த்து, நடுவர் ஏற்றுக்கொண்டதும், சிறைக்கு விடுதலை உத்தரவு எழுத வேண்டும். அதில் தகப்பனார் பெயரோ குற்ற எண்ணோ சிறைப் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குள் சிறையில் மாலை அடைப்பு ஆகிவிடும். 'செல்வம்' என்பதை 'செல்வன்' என்று எழுதியதற்காக ஒருவர் ஒரு ராத்திரி கூடுதலாக உள்ளே இருக்க நேரலாம். வாசலில் அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்றிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தடவை எழுதியது நான் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அது தெரியாது, என்னையும் சேர்த்துத்தான் பார்த்தார்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்திருப்பதால் இன்னொரு தொந்தரவு. கொலை என்றால் பழைய 302, புதிதில் 103. மோசடி என்றால் பழைய 420, புதிதில் 318. குற்றம் எந்தத் தேதியில் நடந்தது என்பதைப் பார்த்துத்தான் எந்தச் சட்டம் என்று எழுத வேண்டும். இன்னும் பல வருஷத்துக்கு இரண்டும் ஒரே அலமாரியில்தான் கிடக்கும். பிரிவு எண்ணை மனப்பாடத்திலிருந்து எழுதாமல், கட்டைப் பார்த்து எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.

பிராப்பர்ட்டி கிளார்க் இருக்கை மட்டும் கொஞ்சம் பயப்பட வேண்டியதுதான். போலீஸ் கைப்பற்றிய பொருள்கள் 95ஆம் படிவத்தோடு வரும்: சாராயப் பாட்டில், அரிவாள், செல்போன், ரத்தக்கறைச் சட்டை, சில சமயம் நகை. படிவத்தில் இருப்பதும் பொட்டலத்தில் இருப்பதும் ஒன்றா என்று போலீஸ்காரர் எதிரிலேயே பார்த்து வாங்குங்கள். நகை வந்தால் எடை பார்க்காமல் வாங்காதீர்கள். 'தங்கச் சங்கிலி' என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள், 'மஞ்சள் நிற உலோகச் சங்கிலி' என்றே எழுதுங்கள். நீங்கள் தட்டான் இல்லை, உரசிப் பார்த்தும் வாங்கவில்லை. நாளைக்கு அது கவரிங் என்று தெரிந்தால், தங்கம் எங்கே என்ற கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வரும்.

கணினி வந்ததால் வேலை குறைந்ததா என்று கேட்டால், இரட்டிப்பானது என்றுதான் சொல்வேன். மின்னணு நீதிமன்றத் திட்டம் 2007இல் தொடங்கியது. இன்று ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு: முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு இரண்டு இலக்கம் நீதிமன்றம், ஆறு இலக்கம் வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. கட்சிக்காரர் வீட்டிலிருந்தே போனில் வாய்தா பார்த்துக்கொள்கிறார். அவருக்கு அது பெரிய வசதி, பஸ் காசு மிச்சம். நமக்கு, கைப்பதிவேட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்ற வேண்டும். அன்றைய வழக்குகளை அன்றே ஏற்றாமல் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்புச் செய்யும் நாள் நமக்கு ஓய்வு என்று வெளியாள் நினைப்பார். நூறு கட்டுக்கும் புது வாய்தா எழுதி ஏற்றும் நாள் அது.

பளு என்று கேட்டீர்கள். மாதப் பிறப்பில் ஸ்டேட்மென்ட் அனுப்பும் நாள்களும், மாவட்ட நீதிபதி ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய இரண்டு வாரமும்தான் கழுத்தைப் பிடிக்கும். எத்தனை வழக்கு புதிது, எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை, அதில் ஐந்தாண்டுக்கு மேற்பட்டது எத்தனை... பதிவேட்டுக் கணக்கும் கணினிக் கணக்கும் ஒன்று இடித்தால்கூட அந்த ஒன்றைத் தேடி ராத்திரி எட்டு மணி ஆகும். மே மாதம் சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை, கிரிமினல் கோர்ட்டுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் ரிமாண்டு வரும், அதற்கு முறை போட்டுக்கொள்வார்கள்.

சம்பளம் மற்றத் துறை இளநிலை உதவியாளருக்கு உள்ளதுதான், அடிப்படை 19,500இல் தொடங்குகிறது, படிகள் தனி. துறைத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை வரும். சேர்ந்த முதல் வருஷமே எழுதி முடித்துவிடுங்கள். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு புத்தகத்தைத் தொட நேரம் கிடைக்காமல் பதவி உயர்வைப் பத்து வருஷம் தள்ளிப்போட்ட தோழிகள் எனக்கு உண்டு.

பெண்களுக்குச் சரிப்படுமா? நான் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் இரண்டே பெண்கள். ஓய்வு பெறும்போது பாதிக்கு மேல் பெண்கள்தான். வேலையில் கஷ்டம் ஒன்றுமில்லை. பழைய கட்டடங்களில் கழிப்பறைதான் கஷ்டம், சேரும் முன் அதைப் போய்ப் பார்த்துவிடுங்கள் என்று வெட்கப்படாமல் சொல்வேன். கைவிலங்கோடு நிற்பவர்களைப் பார்த்து முதல் வாரம் படபடக்கும், அப்புறம் பழகிவிடும்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நகலைச் சீக்கிரம் கொடுக்க, கட்டை மேலே எடுத்து வைக்க, சம்மனை அனுப்ப என்று யாராவது நோட்டை மடித்து நீட்டுவார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில்கூட இருக்காது, வழக்கம் என்று நினைத்து நீட்டுவார்கள். முதல் வாரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை எல்லாக் குமாஸ்தாக்களும் கவனிப்பார்கள். அப்போதே மறுத்துவிட்டால் அதன்பின் யாரும் நீட்ட மாட்டார்கள், உங்களிடம் சண்டையும் போட மாட்டார்கள். அதேபோல, "கேஸ் ஜெயிக்குமா?" என்று கட்சிக்காரர் கேட்டால் வாய்தா தேதியை மட்டும் சொல்லுங்கள். அழுகிறாரே என்று இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால், "கோர்ட்டம்மாவே ஜெயிச்சிடும்னு சொல்லிட்டாங்க" என்று ஊருக்குள் போய்விடும்.

சரி, எடுக்கலாமா? தேதியில் கவனம் உண்டு என்றால் எடுங்கள். எடுத்தால், சேரும் நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் சார்ஜ் லிஸ்ட்டை (ஒப்படைக்கும் கட்டுகளின் பட்டியலை) நீட்டி, "எல்லாம் சரியா இருக்கும்மா, கையெழுத்துப் போடுங்க" என்பார். போடாதீர்கள். ஒவ்வொரு கட்டையும் கையால் தொட்டு, எண்ணைப் பார்த்து, பட்டியலில் டிக் செய்யுங்கள். மூன்று நாள் ஆகும், அவர் முகத்தைச் சுளிப்பார். நான் ஒரு தடவை அப்படி எண்ணியபோது இரண்டு கட்டு குறைந்தது. ஒன்று நகல் பிரிவிலிருந்து திரும்பி வராமல் கிடந்தது. இன்னொன்று, பழைய நிறைவேற்று மனு, ஆடிக்கொண்டிருந்த அலமாரியின் காலுக்குக் கீழே முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்கு வாய்தா அடுத்த வாரம்.